இழுத்துப் போகுமா?

“அவருக்கு முதுகுவலி. சீட்டுல சூடு வர்ற வசதி இருக்கா, தம்பி?” என்றாள் நோலீன், வண்டிக் கடை வாசலில் நின்ற சிவப்பு பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தபடி.

பொகடெல்லோ ஊரில் காலையிலிருந்தே மேகம் தாழ்ந்து கிடந்தது. இன்று பனி விழுந்து மலைப்பாதை வழுக்க ஆரம்பித்தால், கர்ட்டிஸ் ஏப்ரல் வரை அசைய மாட்டார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய அந்த இருபத்தெட்டு அடி டிரெயிலர் இருட்டுவதற்குள், தெற்கே வெயிலடிக்கும் அரிசோனாவுக்குக் கிளம்பியாக வேண்டும்.

“சூடும் உண்டு, பதினோராயிரம் பவுண்டு இழுக்கவும் செய்யும்” என்றான் விற்பனையாளன் டாலின். “உங்க டிரெயிலர் எவ்வளவு, மேடம்?”

“தண்ணி, சாமானோட ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். ஒவ்வொண்ணா எழுதிக் கூட்டிப் பார்த்தேன்.”

“இழுக்கறது பெரிசில்ல. டிரெயிலரோட மூக்கு வண்டி முதுகுல எவ்வளவு அழுத்துதுங்கறதுதான் விஷயம்.” கதவோரம் ஒட்டியிருந்த எடை அட்டையைப் பார்த்தான். “இது ஆயிரத்து நானூறு பவுண்டு தாங்கும். மூக்குக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது, டிரெயிலரை மாட்டற கொக்கிக்கு நூறு. சார் எவ்வளவு இருப்பாரு?”

“இருநூத்தி நாப்பது. சமைக்கத்தான் சோம்பல், சாப்பிடச் சோம்பல் இல்ல.”

“உங்க எடையைக் கேக்கற தைரியம் எனக்கில்ல. நூத்தம்பதுன்னு போட்டுக்கறேன்.”

“என்னைக் கணக்குல சேர்க்காதே.”

“எங்க அம்மாவும் எடைன்னாலே இப்படித்தான்” என்று சிரித்த டாலின், நூற்றைம்பதைச் சேர்த்தே கூட்டினான். “நாப்பது பவுண்டு தாண்டுதே.”

நோலீன் வானத்தைப் பார்த்தாள். வாதாட நேரமில்லை. “அந்தச் சாம்பல் கலர் பெரிய வண்டியைக் கொண்டா.”

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“நோலீன், மேட்டுல காத்தடிச்சா டிரெயிலர் வாலாட்டும். அந்தத் துருப்பிடிச்ச கொக்கியை நம்பி நான் வண்டி எடுக்க மாட்டேன்” என்றார் கர்ட்டிஸ்.

அவள் டாலினைப் பார்த்தாள். “ஆட்டத்தை அடக்கற கொக்கி எது? இருக்கறதுலயே நல்லதா எடு.”

“ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வெச்சது ஒண்ணு இருக்கு. எடையை முன்சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் குடுத்துடும், ஆடவும் விடாது. ஆனா விலை...”

“மாட்டு.”

பட்டறையில் வேலை நடந்தது. நோலீனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். கொடுத்த காபி அப்படியே ஆறியது.

மறுபடி போன்.

“டிரெயிலர் டயரெல்லாம் பழசாச்சே, நோலீன்.”

“நாலும் நேத்தே மாத்தியாச்சு.”

“பிரேக்?”

“இப்ப வயர் இணைக்கறாங்க.”

“என் மாத்திரை?”

“மூணு மாசத்துக்கு வாங்கி டிரெயிலர் அலமாரியில வெச்சிருக்கேன்.”

நோலீன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“அப்ப... கிளம்ப வேண்டியதுதான்” என்றார் கர்ட்டிஸ்.

அவள் கண்ணை மூடித் திறந்தபோது, ஜன்னல் கண்ணாடியில் முதல் பனித்துகள் ஒட்டியிருந்தது. டாலின் நீட்டிய சாவியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினாள்.

“குடுத்து வெச்ச மனுஷன்” என்றான் டாலின், கதவைச் சாத்திவிட்டு. “என் பொண்டாட்டி எனக்கு டயர்ல காத்துகூட அடிச்சுத் தரமாட்டா. ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் டூர், மேடம்?”

நோலீன் எஞ்சினைக் கிளப்பினாள்.

“டைவர்ஸ் ஆகி மூணு வருஷம், தம்பி. மனுஷன் டிரெயிலரோட இன்னும் என் வாசலை விட்டு நகரல.”