எந்த நாளிலிருந்து

ஜிப்ரி மச்சான் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். நல்ல செய்தியில்லை என்று நுஸ்ராவுக்கு அப்போதே தெரிந்தது.

கணவன் ஹில்மியின் மூத்த சகோதரர் அவர். இத்தனை மாதமும் வாசல் படலையைத் தாண்டாத மனுசன். மீன் கொண்டுவந்தாலும் படலையில் கொழுவிவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்விடுவார். இன்று பின்னேர அஸர் தொழுகை முடித்த கையோடு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

மழைக்கு முன்னமே கத்தாரிலிருந்து ஹில்மியின் அழைப்பு நின்றுபோனது. "விசாச் சிக்கல், ஒளிஞ்சி இரிக்கான், நேரம் வந்தா எடுப்பான்" என்று சொன்னவரும் இவர்தான். ஏறாவூரே அவளுக்கு நேரம் சரியில்லை என்றது. நேரம் என்ன செய்யும் பாவம், அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலை செய்யும் கார்மென்ட்ஸில் தேநீர் இடைவேளைக்கு மணியடித்தால், கத்தாரில் இப்போதுதான் விடிந்திருக்கும், எழும்பியிருப்பார் என்று போனைப் பார்ப்பாள்.

மச்சான் வாயைத் திறக்கப் போனார். திறக்கவிடக் கூடாது என்று பயந்தாள்.

"தேத்தண்ணி ஊத்தவா மச்சான்? சின்னவளுக்குக் காய்ச்சல், இண்டைக்குப் பரவாயில்ல..."

"ஹில்மி மௌத்தாகிட்டான் நுஸ்ரா. நெஞ்சு வலி. அங்கயே அடக்கிட்டாங்க."

அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவளது உம்மா குழறி அழுதார். குழறிக்கொண்டே யன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அலங்கரிக்கக் கூடாது, அந்நிய ஆண்கள் முன், புருசனின் சகோதரர் முன்கூட, வரக் கூடாது.

"சாத்தாதீங்க மாமி," என்றார் ஜிப்ரி. "மௌத்தான நாளையில இருந்துதான் கணக்கு. இத்தாக் காலம் நேத்தோட முடிஞ்சிச்சு."

நேற்றோடு முடிந்ததாம். இன்றைக்கு வந்திருக்கிறார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீ இத்தாவில இருந்தா கார்மென்ட்ஸ்ல வேற ஆளப் போட்டிருவாங்க. மூணு புள்ளையும் என்னத்தத் திங்கும்? அதான் வாய மூடிட்டு இருந்தன்."

போன மாதம் தங்கையின் கல்யாணத்தில் கை நிறைய மருதோண்டி போட்டுச் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. பட்டுச்சாரி உடுத்தி, அத்தர் பூசி, போட்டோவுக்கு நின்றாள். அப்போது ஹில்மி மண்ணுக்குள் இருந்தார். மச்சான் அந்தச் சபையில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவரை ஏசவும் முடியாது. பிள்ளைகள் மூன்றும் பசியில்லாமல் இருப்பது இந்த மனுசனால்தான்.

நுஸ்ரா எழுந்து, உம்மா சாத்தாமல் விட்ட யன்னலைத் தானே இழுத்துச் சாத்தினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எனக்கு அவர் இண்டைக்குத்தான் மௌத்தானார்," என்றாள். "நீங்க வெளிய போங்க மச்சான்."