குடத்துக்குப் பின்னால் ஒரு ஜோடி

ஜாபிர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்ததுமே சுரேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

காலையில் கிளம்பும்போது உன் வீட்டு வாசலில் என்னென்ன செருப்புகள் கிடந்தன? அதுதான் இன்றைய போட்டியின் கேள்வி.

வாப்பாவின் செருப்பில் இடது குதிகால் தேய்ந்திருந்ததாம். உம்மாவுடையதில் மீன் செதில் ஒட்டியிருந்ததாம். தங்கை அஸ்மாவின் செருப்பு கால் மாறிக் கிடந்ததாம்.

வகுப்பே கைதட்டியது. சயாகூடத் தட்டினார்.

ரங்கூனின் தின்கன்ஜூனில் அவர்கள் படித்த உயர்நிலைப் பள்ளியில், போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு. ஸ்டேஷனிலிருந்து வரும் அதிகாரிதான் வாத்தியார். பையன்களுக்கு அவர் சயா. இன்று ஜெயிப்பவனுக்கு மேஜைமேல் இருக்கும் விசில். கூடவே பயிற்சி முகாமில் இருந்த ஒரே இடமும்.

ஜாபிர் எதிர்வீட்டுக்காரன், கூடவே வளர்ந்தவன். அதற்காக அவன் கழுத்தில் அந்த விசிலைப் பார்த்துச் சகித்துக்கொள்ள முடியுமா? அணிவகுப்பில் அவன்தான் முதல். ஓட்டத்திலும் அவன்தான் முதல். வாங்கிய பிரம்படியில் மட்டும்தான் சுரேந்திரன் அவனை முந்தியிருக்கிறான்.

சுரேந்திரன் எழுந்து கண்ணை மூடினான்.

அப்பாவுடையது, அம்மாவுடையது, தன்னுடையது. சொல்லி முடித்தும் ஒருவரும் தட்டவில்லை. ஜாபிர் சிரிப்பது போலிருந்தது.

இன்னொரு ஜோடியும் இருந்தது என்றான் சுரேந்திரன். டயர் செருப்பு, பெரிய கால். அறுந்த வாரை நீல நூலால் தைத்திருந்தது. அது வாசலில் இல்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடிக் கிடந்தது.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கண்ணைத் திறந்து ஜாபிரைப் பார்த்தான். அவன் தட்டவில்லை. படட்டும், நன்றாகப் பொறாமைப்படட்டும்.

சயாவும் தட்டவில்லை.

ராத்திரி தங்க ஆள் வந்தால் வார்டு ஆபீசில் சொல்லியாக வேண்டும். ரங்கூனில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். உங்கள் வீட்டில் சொன்னார்களா என்று சயா மெதுவாகக் கேட்டார்.

சுரேந்திரன் மேஜைமேல் இருந்த விசிலைப் பார்த்தான்.

“அது என் செருப்பு சயா. ராத்திரி இவன் வீட்லதான் படுத்தேன். நாய் தூக்கிரும்னு ஒளிச்சு வச்சேன்.”

ஜாபிர்தான். எழுந்து நின்றிருந்தான்.

அப்படியானால் காலையில் உன் வீட்டு வாசலைப் பார்த்ததாகச் சொன்னதெல்லாம் என்ன என்று சயா கேட்டார். அத்தனையும் புளுகு என்றான்.

சயா அவனுடைய பெரிய பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். புளுகுகிறவன் போலீசுக்கு லாயக்கில்லை, வெளியே போ, இனிமேல் வராதே என்றார். விசிலை எடுத்துச் சுரேந்திரன் கழுத்தில் மாட்டினார்.

பையை எடுக்கிற சாக்கில் ஜாபிர் குனிந்தான். அதுவரை பர்மியில் பேசியவன், காதோடு தமிழில் சொன்னான்.

“நீ அசையாம உக்காரு. தமிழ்மணி அண்ணங்கிட்ட நான் போயி சொல்லிர்றேன்.”

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போய்த் தலைமறைவான சுரேந்திரனின் அண்ணன். நேற்று ராத்திரி அவன் வீட்டுக்கு வந்ததைச் சுரேந்திரன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜாபிர் பார்த்திருக்கிறான். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

சயா அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே ஜாபிர் கேட் வரைக்கும் நிதானமாக நடந்தான். கேட்டைத் தாண்டியதும் ஓடினான்.

இன்னும் வேகமாக ஓடுடா என்று சுரேந்திரன் முதல்முறையாக நினைத்தான்.