அறிக்கையின் நிறம்

கடல் பொங்கினால் காரைக்கால்மேட்டை எச்சரிக்க வேண்டிய அபாயச் சங்குக்குப் பேட்டரி இன்னும் வந்துசேரவில்லை. சென்னை அறையிலிருந்தே பணிபுரியும் அறிவுச்செல்வன், வாராந்தர அறிக்கையில் அதற்குச் சிவப்பு நிறம் இட்டான்.

பெங்களூரிலிருந்த மேலாளர் திரையில் சீறினார்.

“செவப்பப் பாத்தா அறிக்கை போற பட்டியல்ல இருக்கிறவங்க அத்தனை பேரும் பதறுவாங்க. பச்சையாக்குங்க. அடுத்த வாரம் பேட்டரி வந்துடும்.”

“அதுவரைக்கும் கடல் காத்திருக்குமா சார்?”

“உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?”

பச்சையாக்கி அனுப்பினான்.

மூன்றாம் நாள் ஆழி பொங்கியது. காரைக்கால்மேட்டிலிருந்து அவன் தாய் குஞ்சம்மா அழைத்தாள். அலையோசை அவள் குரலை விழுங்கிற்று.

“தெருவே கெளம்பிச்சுய்யா, நான்தான் நிறுத்திட்டேன். ஒன் அறிக்கை நம்ம பஞ்சாயத்தாருக்கும் வந்துச்சுல்ல? எம் மவன் எல்லாம் சரின்னு எழுதியிருக்கான், சங்கு ஊதினதும் போவலாம்னுட்டேன்.”