கரடி அப்பாவின் குரல்

கிளாரன்ஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது மணி ரெக்கார்டிங்குக்குப் பத்தே முக்காலுக்கு வந்தார்.

"ஸாரி சார். மெஜஸ்டிக் பக்கம் ஒரே ஜாம்."

"நேத்து பஞ்சர். முந்தாநாள் கேஸ் சிலிண்டர். நாளைக்கு என்ன, யானை குறுக்கே வருமா?"

"நாளைக்கு சனிக்கிழமை, லீவு சார்" என்று சிரித்தபடி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பெங்களூரில் அவர் வீடும் லிங்கராஜபுரம், எங்கள் ஸ்டுடியோவும் லிங்கராஜபுரம். நடந்தே வரலாம். காலை வேளையில் அவ்வளவு தூரத்தில், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இவருக்கு என்ன வேலை?

வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர் ஒன்றைத் தமிழில் டப்பிங் செய்துகொண்டிருந்தோம். வசனம் நான். ஒரு கரடிக் குடும்பத்து நகைச்சுவை. அப்பா கரடி திரையில் வரவே வராது. எங்கிருந்தோ போன் மட்டும் செய்யும். "இந்த ஞாயிறு கண்டிப்பா வர்றேன்டா செல்லம்" என்று குட்டிகளிடம் சொல்லும். வராது. அதுதான் தமாஷ். அந்தக் குரல் கிளாரன்ஸுடையது.

"இவர் நடிக்கவே வேண்டாம், சும்மா பேசினாலே போதும்" என்று ஸ்டுடியோவில் கிண்டல் செய்வார்கள்.

அன்று காலை முதலாளி சுஹாஸ் முடிவாகச் சொல்லியிருந்தார். "பேடா சார், இனி இவர் வேண்டாம். திங்கட்கிழமையில இருந்து அப்பா கரடிக்கு ஃபிராங்க்ளின் பேசட்டும். நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். கிளாரன்ஸின் சிரிப்பு நின்றது.

"சார், ஒன்பதைப் பதினொண்ணா மாத்திக் குடுங்க. சாயங்காலம் எவ்வளவு நேரமானாலும் இருந்து முடிச்சுத் தர்றேன். இந்த வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

"ரெண்டு தெரு தள்ளி வீடு. ஒன்பது மணிக்கு வர என்னய்யா கஷ்டம்?"

அவர் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். சுஹாஸிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேறொருவர் என்றால் கதவை அறைந்துவிட்டுப் போயிருப்பார். கிளாரன்ஸ் உள்ளே போய் அன்றைய வசனம் முழுவதையும் பேசினார். நன்றாக வந்ததையும் அவராகவே மறுபடி பேசினார்.

"'கண்டிப்பா'வுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சில் முழுங்கணும் சார். பொய் சொல்றவன் அங்கேதான் முழுங்குவான்."

கேட்டுப் பார்த்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதில்லை.

கிளம்பும்போது சொன்னார்: "ஃபிராங்க்ளின்கிட்ட சொல்லுங்க சார், அப்பாவை வில்லன் ஆக்கிட வேண்டாம்னு. அந்த ஆளுக்கு வரணும்னு ஆசைதான். வரத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தவர், வண்டியை எடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி மௌரீன் மட்டும் இருந்தார்.

"வேலை போச்சுன்னு நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"சொன்னார் சார். உங்க மேல கோபம் இல்ல. லேட்டுன்னா லேட்டுதானேன்னார்."

"தினமும் எங்கேம்மா போனார்?"

மௌரீன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெஜஸ்டிக் பக்கம் ஒக்கலிபுரத்துல சர்ச் சிஸ்டர்ங்க நடத்தற முதியோர் இல்லம். காலைல ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிட்டு வருவார். வேற யார் தொட்டாலும் அவர் அடிப்பார்."

"யாரு அந்தப் பெரியவர்?"

"இவங்க அப்பா."

"அப்பா இல்லைன்னாரே!"

"கே.ஜி.எஃப்.ல தங்க மைன்ஸ் வேலை. இவருக்கு ஆறு வயசு இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். பக்கத்து மருந்துக்கடை போனுக்குக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வர்றேன்பாராம். இவர் புதுச் சட்டை போட்டுட்டு ஸ்டேஷன்ல போய் நிப்பாராம். நாப்பது வருஷம் வரல சார். ரெண்டு வருஷம் முன்னாடி சிட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல கிடந்தவரை சிஸ்டர்ங்க எடுத்துட்டு வந்தாங்க. பையில பழைய மைன்ஸ் அட்டை இருந்துச்சு. அதை வெச்சு எங்களைத் தேடிப் பிடிச்சாங்க."

"எங்ககிட்ட ஏம்மா மறைச்சார்?"

"சொன்னா அவங்க அப்பாவை நீங்கல்லாம் திட்டுவீங்களாம்."

"பெரியவர் மகனைப் பார்த்து அழுதிருப்பாரே?"

"அவருக்குத் தெரியாது சார். இவரை இல்லத்துல வேலை செய்யற ஆளுன்னு நினைச்சுட்டிருக்கார். நான்கூட சண்டை போட்டேன். 'யாருன்னு சொன்னா வெட்கப்பட்டு மறுபடியும் எங்கேயாவது போயிடுவார் மௌரீன், இருக்கட்டும் விடு'ன்னார்."

புதன்கிழமை காலை நான் ஒக்கலிபுரம் போனேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் என் மனைவி மைதிலி மூன்று வருஷம் படுக்கையில் இருந்தபோது பழகிய வேலைதான். புதிதில்லை.

கிளாரன்ஸின் அப்பா பால்ராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் துண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாருப்பா? அந்த ஒல்லி ஆளு எங்கே?"

"லீவு."

"சொல்லாம கொள்ளாம லீவா? மூணு நாளா குளிக்காம காத்துக்கிட்டிருக்கேன். வர்றேன்னு சொன்னா வரணுமா, இல்லியா?"

"வரணும்தான் ஐயா."

"அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அவன் அப்பன் சரியா வளர்க்கல!"

நான் அவரைப் பிடித்து எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப் போனேன். அவர் அடிக்கவில்லை.

பால்ராஜுக்கு எண்பத்தொரு வயது. தினமும் காலையில் வெந்நீர் அவருக்குக் கொஞ்சம் சூடாகவே இருக்க வேண்டும்.