பதினோராயிரம் தடவை களவு போன கலை

ஒளியைப் படைத்தவர் கடவுள். அதை எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று அந்தக் கடவுளுக்கே எடுத்துச் சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் சங்கனாச்சேரி மீன் சந்தைக்குப் பின்னால் குடியிருந்தார். பெயர் குரியாக்கோஸ். இணையத்தில் புகைப்படங்களை விற்றுக்கொடுக்கும் வெளிநாட்டு ஏஜென்சி ஒன்றுக்கு ஐந்து வருடங்களில் நாலாயிரம் படங்கள் அனுப்பியிருந்தார். ஏழு விற்றிருந்தன. அதில் ஒன்றை வாங்கியது அவரேதான், வாங்கும் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க.

மற்றவை திரும்பி வந்த காரணங்களைக் கேட்டால் கல்லும் கரையும். படகு வீட்டுக்குப் பின்னால் சூரியன் மறைகிற படத்துக்கு, 'இதே மாதிரி எங்களிடம் ஒன்பது லட்சம் இருக்கிறது' என்றார்கள். கள்ளுக்கடைப் படத்துக்கு, 'சோடா பாட்டிலில் கம்பெனிப் பெயர் தெரிகிறது.' வாத்து மேய்ப்பவர் படத்துக்கு, 'முகம் தெரிகிறதே, அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரம் எங்கே?' அன்றிலிருந்து பை நிறையச் சம்மதப் பத்திரங்களோடு அலைந்தார் குரியாக்கோஸ். வாத்துகளிடம் மட்டும்தான் கையெழுத்து வாங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே வீடு திரும்பினார். கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. திரையில் அதே ஏஜென்சியின் பக்கம். விற்பனைக் கோடு தென்னை மரம் மாதிரி நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. விற்றவை: பதினோராயிரத்துச் சொச்சம்! எந்தப் படங்கள் என்று பார்க்க விரலை நீட்டினார். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்ப வந்தபோது அந்தப் பக்கம் ரகசிய எண் கேட்டது. அவருடைய எண்ணைப் போட்டார். 'தவறு' என்றது.

குரியாக்கோஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ வீட்டுக்குள் புகுந்து, அவர் படங்களை எடுத்து, வேறு பெயரில் விற்கிறார்கள். பதினோராயிரம் பேர் விலை கொடுத்து வாங்கும்படியான படங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாருடையவையாக இருக்க முடியும்?

"எல்சம்மா!" என்று அலறினார்.

சமையலறையில் மனைவி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன இச்சாயா, மறுபடியும் திருப்பி அனுப்பிட்டானா?"

"திருடிட்டாங்கடீ! என் கலையைத் திருடிட்டாங்க! போலீஸுக்குப் போறேன்!"

எல்சம்மாவின் கத்தி பாதி மீனில் நின்றது. "போலீஸெல்லாம் எதுக்கு இச்சாயா? போனாப் போகுது, விடுங்க."

அவர் விடவில்லை. புகார் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் துக்கம் கொஞ்சம்தான், பெருமைதான் அதிகம். இதுவரை அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்காத கேமரா சங்கம், பதினோராயிரம் என்றதும் அவரைத் தலைவராக்கி, பொன்னாடை போர்த்துவதாக அறிவித்தது. திருடன் பிடிபட வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை எஸ்.ஐ. மினிமோள் விசாரணைக்கு வந்தார். கூடவே சங்கத்துச் செயலாளர் வர்க்கிச்சன், பொன்னாடையோடு.

"யார் மேல சந்தேகம்?" என்றார் எஸ்.ஐ.

"என் மச்சினன் டோமிச்சன் மேல, மேடம். அவனுக்குக் கலைன்னாலே ஆகாது."

"ஆகாதவர் அதை எதுக்குத் திருடணும்?"

"அதுதானே மேடம் அவன் தந்திரம்!"

பழம்பொரி பஜ்ஜித் தட்டோடு வந்த எல்சம்மா அதை மேஜையில் வைத்தாள். "என் தம்பியை விட்டுடுங்க மேடம். வித்தது நான்தான்."

குரியாக்கோஸ் நெஞ்சில் கை வைத்தார். "எடீ! என் ரத்தத்தையா வித்தே? வர்க்கிச்சா, பாத்துக்கோ. கலைஞனுக்கு எதிரி வெளியில இல்ல, வீட்டுக்குள்ளதான்!"

"பாத்துட்டேன். பொன்னாடையை இப்பப் போர்த்தவா, கைது முடிஞ்சப்புறமா?"

"முதல்ல கைது! என் சம்மதம் இல்லாம வித்திருக்கா மேடம்!"

"சம்மதம் இருக்கு" என்றாள் எல்சம்மா. அலமாரியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினாள்.

எஸ்.ஐ. படித்தார். அந்தப் பக்கம் திரும்பி இருமினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான். படம் எடுத்தவர்ங்கிற முறையில போட்டிருப்பேன்."

"படம் எடுத்தவர்ங்கிற இடத்துல எல்சம்மான்னு இருக்கே. நீங்க அதுக்குக் கீழ்க் கட்டத்துல போட்டிருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமையானா கட்டுக் கட்டா நீட்டுவேன் மேடம்" என்றாள் எல்சம்மா. "இச்சாயன் டி.வி.யைப் பாத்துக்கிட்டே போட்டுத் தள்ளுவார்."

அவளே ரகசிய எண்ணைத் தட்டினாள். திரை முழுக்கப் படங்கள் விரிந்தன. எஸ்.ஐ. கடித்த பழம்பொரியை விழுங்க மறந்தார். வர்க்கிச்சன் பொன்னாடையைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தார்.

குரியாக்கோஸ் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்" என்றார்.

விற்ற படங்கள் எல்லாவற்றிலும் குரியாக்கோஸ் கம்ப்யூட்டர் முன்னால் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.