மந்திரி முன்னால் ஒரு கேள்வி

பள்ளிக்கூட ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. ஆட்சியை மக்கள் கையில் கொடுக்கப்போவதாக அரசர் சொல்லிவிட்டார்; பூட்டானின் முதல் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கின்றன. அதை விளக்கத் திம்புவிலிருந்து மலையேறி வந்திருக்கும் அதிகாரி கின்லே, தொண்டை கட்டியும் விடாமல் பேசுகிறான். "மந்திரிங்கறவர் நீங்க உக்கார வெச்ச ஆளு. உங்க சார்பா உறுப்பினர் சபையில கேள்வி கேட்டா, அவர் பதில் சொல்லியே ஆகணும். இப்ப நான்தான் மந்திரி. கேளுங்க பாப்போம்." கூடியிருக்கும் ஊரார் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். "சாங்மோ, நீ கேளு. வீட்டுக்காரரை மட்டும் அத்தனை கேள்வி கேக்குறே" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சீண்ட, சிரிப்பு பரவுகிறது. சாங்மோ எழுகிறாள். தோள்துண்டைச் சரிசெய்து, இடுப்பை வளைத்து, பெரியவர்கள்மேல் மூச்சுக்காற்று படக்கூடாதென்று அங்கே எல்லோரும் செய்வதுபோல் கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். "ஒண்ணுமே கேக்கலம்மா. கையை எடுத்துட்டுப் பேசுங்க." "ஐயா முன்னாடியா?" "மந்திரி முன்னாடி." கை மெல்ல இறங்குகிறது, போக்கிடம் தெரியாமல் உடுப்பின் மடிப்பைப் பற்றிக்கொள்கிறது. "ஆத்துப் பாலம் அடிச்சிட்டுப் போய் ரெண்டு மழைக்காலம் ஆச்சு. என் மக வலியெடுத்து இக்கரையிலயே கிடந்தா. பிள்ளை தங்கல. பாலம் எங்க?" யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கீழே வெகு ஆழத்தில், ஆறு இரைகிறது. பதில் சொல்ல வாயெடுக்கும்போதுதான் கின்லே கவனிக்கிறான்: அவனுடைய கை அவன் வாயை மறைத்திருக்கிறது.