மூன்று பாண்டு ஃபெர்மின்

“பாட்டிலைத் திறந்துட்டேன். வாங்கிக் குடிச்சிட்டா பேச்சு முடிஞ்சுது. வர்ற வருஷத் திருவிழா உன் கையில!” என்று டம்ளரை நீட்டினாள் தியோதோரா.

பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரில் எங்கள் தெரு வழக்கம் இது. மாதா திருவிழாவை எடுத்து நடத்தச் சொல்லிக் கேட்க வருகிறவர்கள் பீரோடுதான் வருவார்கள். பூமித்தாய்க்கு இரண்டு சொட்டு ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது.

பசிலியா டம்ளரை ஆசையாக வாங்கிக்கொண்டாள். ஐந்து வருடமாக அவள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போன பீர் அது.

“மூணு நாள்ல ஆறு பாவாடை தச்சிட்டேன் அக்கா! ஆடுற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் நானே தச்சிடுவேன். தெருமுனை வரைக்கும் பூப்பந்தல், ராத்திரிக்கு வாணவேடிக்கை, ஊருக்கே வேர்க்கடலை சூப்பு... பாவாடைக்கு ஊதா நிறம் சரியா இருக்கும்ல? இல்ல, தங்க நிறம்! ரெண்டுமே வெச்சிடலாம்!”

“பொம்பளைன்னா இவதான்!” என்று பூரித்தாள் தியோதோரா. பிறகு மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பசிலியாவின் கணவன் ஃபெர்மினைப் பார்த்தாள். “தம்பி, நல்லா கேட்டுக்க. திருவிழா பசிலியா பேர்லதான். நீ எதுலயும் தலையிடக் கூடாது. ஒரு பாண்டு போதும்.”

“போதும்க்கா. ஒண்ணே அதிகம்” என்று சிரித்தான் ஃபெர்மின்.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த வீடு எடுத்து நடத்திய திருவிழாவில் ஒரு பாண்டு வாத்தியக் குழு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்து நின்றன. ஒரே தெருவில் மூன்று பாட்டு! பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார். யார் இவர்களைக் கூப்பிட்டது என்று ஊரே கத்தியபோது, “எல்லாத்தையும் என் தலையில போடுங்க” என்று முன்னால் வந்து நின்றான் ஃபெர்மின். மறுவாரம் கணவனும் மனைவியும் கேபிள் காரில் மலைக்குக் கீழே இருக்கும் லா பாஸ் நகருக்கு இறங்கி மனநல டாக்டரைப் பார்க்கப் போனது தெரிந்ததும் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. மூன்று பாண்டு ஃபெர்மின். தெருப்பிள்ளைகள் அவன் ஓட்டும் பஸ்ஸைப் பார்த்தால் இன்றும் வாயால் ஊதிக் காட்டுவார்கள்.

“மாத்திரை எல்லாம் ஒழுங்கா நடக்குதா?” என்று கேட்டாள் தியோதோரா. “மனசு ஏறினா ஒரேயடியா ஏறும், இறங்கினா ஒரேயடியா இறங்கும்னு சொல்றாங்களே, அந்த வியாதிதானே?”

“அதேதான்க்கா.”

மேசை மேல் அவன் கையெழுத்தில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. தியோதோரா எட்டிப் பார்த்தாள். “திங்கள், நாலு மணி நேரம். செவ்வாய், மூணு. நேத்து ரெண்டு. அடப்பாவி! தூக்கமா இது? பசிலியா, எப்படித்தான் சமாளிக்கிறியோ!”

பசிலியா டம்ளரைச் சாய்த்து இரண்டு சொட்டு மண்ணில் விட்டாள். டம்ளர் உதட்டை நோக்கிப் போனது.

ஃபெர்மின் எழுந்தான். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தையல் மெஷின் மேல் கவிழ்த்தான். திரும்பி வந்து மறுபடியும் கிழங்கு உரிக்க உட்கார்ந்தான்.

“பாத்தியா, மெஷினுக்குத் தொப்பி போடுறான்! ஏறிடுச்சு!” என்று தியோதோரா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

பசிலியா அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரிலிருந்த பீர் முழுவதையும் மெதுவாக மண்ணில் ஊற்றினாள்.

“வர்ற வருஷம் வேணாம் அக்கா. எங்க வீட்டுக்கு இப்ப ஆகாது.”

“உன் பொறுமைக்குக் கோயில் கட்டணும்டி” என்று அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஃபெர்மினை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள் தியோதோரா.

கதவு சாத்திய பிறகு ஃபெர்மின் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை இறக்கினான். தண்ணீர் மொண்டு வந்தான்.

“கோவமா?”

“அழுகையா வருது” என்றாள் பசிலியா. “அஞ்சு வருஷம் காத்திருந்தேன்.”

“மாதா எங்கயும் போயிட மாட்டா. நாளைக்குக் காலையில டாக்டரைப் பாத்துடுவோம்” என்று மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

பசிலியா அதை விழுங்கினாள். “தொப்பியை மெஷின் மேல வெச்சா எதுவா இருந்தாலும் நிறுத்திடுவேன்னு, நல்லா இருந்தப்ப நானாதானே சொன்னேன்” என்றாள். “ஏங்க, அந்த மூணு பாண்டையும் கூப்பிட்டவ நான்தான்னு அக்காகிட்ட சொல்லிடட்டுமா?”

“முதல்ல நீ தூங்கி எந்திரி” என்று அவளுடைய தூக்க நோட்டை மூடி வைத்தான் மூன்று பாண்டு ஃபெர்மின்.